சுண்ணம் கிரகத்தில் ஆறு பேர்

செங்கம் ரோடு, திருவண்ணாமலை
4.10.1998

அன்புத் தம்பி இளவரசனுக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. பட்டாளத்தோடு பனிமலைக்குப் போன பிறகு ஒரே ஒரு கடிதம் போட்டாய். அதிலும் 'நலம்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. இப்படியா இருப்பது?

என் தொடர்கதை மாத இதழில் வருகிறது. நான் வேலை பார்க்கும் எஸ்.டி.டி. பூத்தில் கூட்டம் இல்லாதபோது எழுதுவதுதான். சுண்ணம் என்று ஒரு கிரகம். புல் முளைக்காது, மூச்சை இழுத்தால் நெஞ்சு வெந்துபோகும். அதற்காக இரண்டு உலகங்கள் சண்டை போடுகின்றன. அங்கே ஒரு மலை உச்சியில் ஆறு வீரர்கள் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை வந்ததை அனுப்பியிருக்கிறேன், படி.

உன் அக்கா,
எழிலரசி

பனி முகாம்
2.11.1998

அன்புள்ள அக்கா,

கதையைக் கூடாரத்தில் சத்தமாகப் படித்தேன். நம் பக்கத்து ஊர் அடி அண்ணாமலையைச் சேர்ந்த சக்கரபாணி அண்ணன் என்னோடுதான் இருக்கிறார். "இன்னாடா, உங்கக்கா இங்க வந்து பாத்துட்டுப் போச்சா?" என்றார்.

எதிரியை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. பனிதான் ஆளைத் தின்கிறது. கீழே இறங்க எங்களுக்கு உத்தரவு வரவில்லை. அண்ணன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை. "அந்த ஆறு பேரு இன்னா ஆனாங்க?" என்று மட்டும் கேட்கிறார்.

அக்கா, அவர்களை உயிரோடு இறக்கிவிடு. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

இளவரசன்

திருவண்ணாமலை
24.11.1998

என் தங்கமே,

இதழ் ஆசிரியரிடம் பேசினேன். "ஆறு பேரும் கொடியை நட்டுட்டு சாகணும்மா. அப்பதான் ஜனங்க அழுவாங்க" என்றார். முடியாது என்றேன். மீதியை வேறு ஒருவர் எழுதப் போகிறார். போகட்டும்.

நம் முடிவு இதுதான்: கிரகத்தை யாரும் ஜெயிக்கவில்லை. இரண்டு படைகளும் விட்டுவிட்டுப் போகின்றன. ஆறு பேரும் ஊர் வந்து இறங்கி, வெயிலில் வெறுங்காலை வைத்து, "ஐயோ, சுடுதுடா!" என்று குதிக்கிறார்கள்.

அண்ணன் மனைவி வள்ளியைப் போய்ப் பார்த்தேன். "எப்ப வராராம்க்கா?" என்றாள். அவளிடம் சொல்ல ஒரு வரியாவது எழுது, கண்ணா.

எழிலரசி

ராணுவ மருத்துவமனை
20.12.1998

அக்கா,

கையெழுத்து பக்கத்துக் கட்டில்காரருடையது. என் விரல்களை எடுத்துவிட்டார்கள். பயப்படாதே, உயிருக்கு ஒன்றும் இல்லை.

உன் முடிவைப் படித்துக் காட்டினேன். கால் சுடுகிற இடத்தில் அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். "இன்னொரு தபா படிடா" என்றார். படித்தேன். அன்று சாயங்காலம் பனி சரிந்து கூடாரத்தை மூடியது. நான் வெளியே இருந்தேன், அண்ணன் உள்ளே. வெறுங்கையால் தோண்டினேன், அக்கா. எட்டவில்லை.

வள்ளிக்குத் தந்தி முன்பே வந்திருக்கும். நீ அவளிடம் போ. கதை பேசாதே, பக்கத்தில் உட்கார். கடைசியில் எப்படி இருந்தார் என்று கேட்பாள். சிரித்துக்கொண்டிருந்தார் என்று சொல், அது பொய்யில்லை.

பனிக்கு அடியிலிருந்து வெகுநேரம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அதை மட்டும் சொல்லிவிடாதே.

இளவரசன்