கண்ணோடு நிற்காத வியாதி

எறையூர் சர்க்கரை ஆலையில் ஷிப்டு முடிந்து செல்லமுத்து திரும்புவதற்குள் கிளம்பிவிட நினைத்தாள் அவன் மனைவி பாப்பாத்தி. கண் மங்கியிருந்ததால், அவனுக்கு வைத்துவிட்டுப் போகும் சீட்டில் எழுத்தைப் பெரிது பெரிதாகப் போட்டாள்.

"என்னங்க, திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போறேன். சோறும் கத்திரிக்காக் குழம்பும் மூடி வெச்சிருக்கேன். உங்க அக்கா வந்து கேட்டா சர்க்கரை வியாதின்னே சொல்லுங்க, மறைக்க வேணாம்.

'கண்ணு மங்குனா கண்ணாடி போடு, கிட்னிக்கு எதுக்கு டெஸ்டு'ன்னு நேத்து கத்துனீங்க. சர்க்கரையால கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் கசிஞ்சா கிட்னியிலயும் அதே கேடு இருக்கலாம்னு கண்ணு டாக்டர் சொல்லியிருக்கார். காலையும் பாக்கணுமாம். முந்தாநாள் அடுப்புக் கங்கை மிதிச்சேன், சுடவே இல்லை. நீங்க சம்மதிக்கிற வரைக்கும் என் உடம்பு காத்திருக்காது."

மடித்த சீட்டைத் திரும்பப் பிரித்து அடியில் இடுக்கி எழுதினாள்: "கோவம் தீரலை. இருந்தாலும் சாப்பிடாம படுக்காதீங்க."

அன்று மதியம் சோதனையில், சிறுநீரில் புரதம் இறங்கத் தொடங்கியிருப்பது தெரிந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா. கிட்னி மேல கெடாம பாத்துக்கலாம். அடுத்த மாசம் வீட்டுக்காரரையும் அழைச்சிட்டு வாங்க" என்றார் டாக்டர்.

"அவர் வந்தாலும் வராட்டியும் நான் வருவேங்க" என்றாள் பாப்பாத்தி.