கதவுக்கு முதுகு காட்டி

அன்புள்ள மனைவிக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கழுத்து ஒப்புக்கொள்ளவில்லை. மகளும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானாம், மகள் போனில் சொன்னாள். அவள் பிரசவத்துக்கென்று போனவள் நீ. அவன் நடந்தே வந்துவிடுவான் போலிருக்கிறது.

முப்பது வருடம் அண்ணாந்து பார்த்துக் கூரைக்குப் பெயிண்ட் அடித்த கழுத்து இப்போது வேலையைக் காட்டுகிறது. போன மாதம் ஏணியில் நிற்கும்போதே வலது கை மரத்து, பிரஷ் நழுவி விழுந்தது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

பிசியோதெரபி செய்கிற அம்மா கெட்டிக்காரி. வயதில் சின்னவள்தான், ஆனால் அதட்டல் உன்னைப் போலவே. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலுக்கடியில் தலையணை கொடுத்து, தாடையை இழுக்காமல் பின்மண்டையை இழுக்கிற மாதிரி, தலையில் மாட்டுகிற பட்டையைச் சரிசெய்வாள். மெஷின் கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் விடும். அந்தப் பதினைந்து நிமிடம் கை என் கையாக இருக்கும்.

வீட்டிலும் செய்யச் சொல்லி, ஒரு பட்டையும், கதவில் மாட்டுகிற கப்பியும், எடைக்குத் தொங்கவிடத் தண்ணீர்ப் பையும் தந்தாள். தனியாகச் செய்யக்கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்றாள். மனைவி இருக்கிறாள் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன்.

பத்தே நாளில் மரப்பு முழங்கை வரை ஏறிவிட்டது. எப்படி உட்காருகிறேன் என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டாள். கதவைப் பார்த்து உட்கார்ந்தால்தான் கழுத்து லேசாக முன்னால் குனிந்து இழுபடுமாம். நான் கதவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கழுத்தைப் பின்பக்கமாக இழுத்துக் கெடுத்துவைத்திருக்கிறேன்.

“படம் போட்டுக் குடுத்தேனே, ஏன் இப்படித் திரும்பி உக்காந்தீங்க?” என்றாள்.

கப்பி மாட்டியிருக்கிற படுக்கையறைக் கதவைப் பார்த்து உட்கார்ந்தால் வாசல் தெரியாதே. நீ பெட்டியோடு வந்து நின்றால்? இதை அவளிடம் எப்படிச் சொல்வது? படம் புரியவில்லை என்றேன்.

இனியும் இப்படிச் செய்தால் ஆபரேஷன்தான், பிரஷைத் தொடவே முடியாது என்கிறாள். இருபதாம் தேதி உன்னைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறாள், பட்டை மாட்டவும் அவிழ்க்கவும் உனக்குச் சொல்லித்தருவாளாம். சரி என்றுவிட்டேன்.

நீ கிளம்பிய அன்று, எனக்கு யாரும் வேண்டாம், என்னை நானே பார்த்துக்கொள்வேன் என்று கத்தினேன். பொய். வாய்க்கொழுப்பு. மன்னித்துக்கொள்.

மகளுக்கு நீ இன்னும் தேவையென்றால் இரு, நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கோபம்தான் காரணமென்றால், வந்து நேரிலேயே திட்டு. திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

பேரனுக்கு என் ஆசீர்வாதம்.

உன் வீட்டுக்காரன்