கதவு மூடாத வண்டி

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வண்டிக்குப் புது சீட் உறை தைத்தாகிவிட்டது. பழைய சோபா துணிதான், ஆனாலும் எடுப்பாக இருக்கிறது.

நான் சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

அந்தப் பழைய காரைக் கடையில் கொடுத்துச் சரிசெய்ய வசதியில்லாமல்தான் நாமே இறங்கினோம். துருப்பிடித்த தரையை அறுத்தெடுக்கும் முன் இரண்டு கதவு வாய்களிலும் குறுக்கே கம்பி பற்றவைத்தாய். "கூரை இல்லாத வண்டிப்பா. புதுத் தரை போடற வரைக்கும் இந்தக் கம்பிதான் தாங்கும், கை வச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியூர் வேலைக்குக் கிளம்பினாய். சீட்டைப் பொருத்திப் பார்க்கும் அவசரத்தில் நான் கம்பிகளை அறுத்துவிட்டேன். வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. இரண்டு கதவும் மூடவில்லை.

அதைக்கூட நீ மன்னிப்பாய்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "என்னங்க, வண்டி இப்படிக் கோணிக்கிச்சு?" என்றார். "பொண்ணு பத்தவச்சது. வேற எப்படி இருக்கும்?" என்று வாய் கூசாமல் சொன்னேன். "நல்லவேளை சொன்னீங்க. என் பொண்ணும் வெல்டிங்தான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. இனி அந்தப் பேச்சே கிடையாது" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

கம்பி நுனிகள் இன்னும் கதவு வாயில் ஒட்டியிருக்கின்றன. நீ பற்றவைத்த இடம் ஒன்றுகூடப் பிரியவில்லை. அவரையும் அவர் பெண்ணையும் கூட்டிவந்து காட்டி, அறுத்தது நான்தான் என்று சொல்லப் போகிறேன். அதன் பிறகுதான் இதைத் தபாலில் போடுவேன்.

இது உன் கைக்கு வந்திருந்தால், சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

அப்பா