அண்ணன் மடியில் பூசணிக்காய்

1967 மே 9, செவ்வாய். திருமயம்.

ஏழு மணிக்கே வெயில் முதுகைச் சுடுகிறது. அக்னி நட்சத்திரம். பம்பாய் காலேஜிலிருந்து லீவுக்கு வந்து நாலைந்து நாள் ஆகியும் ரயிலில் இருப்பது போலவே உடம்பு ஆடுகிறது. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

செய்ய வேண்டியவை: அண்ணன் கைக்குப் பயிற்சி, காலையும் மாலையும். தலைக்கு எண்ணெய். கடைசி வருஷப் பாடம் (பெட்டியையே திறக்கவில்லை).

வாசலில் யாரோ அப்பாவிடம்: "மக டாக்டருக்குத்தான படிக்கிது? முழங்கால் வலிக்கு ஒரு மாத்திரை எழுதச் சொல்லுங்களேன்." அப்பா மறுக்க வேண்டாமா? "வெயில் தாழ வாங்க" என்கிறார்! எத்தனை தடவை சொல்வது? டாக்டர் உயிரைக் காப்பாற்றுவார். அதற்கப்புறம் அந்த ஆள் சட்டைக்குப் பொத்தான் போட வேண்டும், சோறு பிசைய வேண்டும், வேலைக்குப் போக வேண்டும். அதற்குப் பழக்குகிற படிப்பு இது.

அப்பா: "இதுக்கு டிகிரி வேற தாரானா?"

மே 10, புதன்.

காற்றே இல்லை. வேப்பமரம் கூட அசையவில்லை.

அண்ணன். போன ஐப்பசியில் மாட்டுவண்டி குடைசாய்ந்து தலையில் அடி. பேச்சு தேறிவிட்டது, நடை தேறிவிட்டது. வலது கை மட்டும் மடங்கியபடியே, விரல்கள் மூடியபடியே. ஜவுளிக் கடையில் ஒரே இழுப்பில் துணியை நேராகக் கிழித்துக் கொடுத்த கை. இப்போது கடைப் பக்கமே போவதில்லை. குளிக்க, வேட்டி கட்ட, எல்லாவற்றுக்கும் அம்மா.

தச்சரிடம் சொல்லி மரக் கூம்புகள் செய்து வாங்கினேன். பம்பாயில் இப்படித்தான், நோயாளிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வைப்போம். ஒன்றை எடுத்தான். பார்த்தான். "நான் என்ன பச்சப் புள்ளையா? இதுக்கா பம்பாய் வரைக்கும் போனே?" கூம்பு கூடத்தில் உருண்டு போயிற்று. எனக்கும் கோபம்.

மே 13, சனி.

அக்கா வந்துவிட்டாள். மாமியாரும் கூட. அக்கா மகள் மீனாக்குட்டிக்கு ஒன்றரை வயசு. இருபத்தாறாம் தேதி குலதெய்வம் கோயிலில் மொட்டை, காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரே அண்ணன்.

அக்கா மாமியார் காபியை ஆற்றிக்கொண்டே: "கை வெளங்காத ஆளு மடியில புள்ளைய எப்படி வைக்கிறது? ஊசி காதுல எறங்கையில புள்ள துள்ளும். ஒங்க சித்தப்பா மகன் முத்து இருக்கான்ல, அவனும் மாமன்தானம்மா."

அண்ணன் உள்ளேதான் இருந்தான். கேட்டிருப்பான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, சுவரைப் பார்த்தபடி, "முத்துவே உக்காரட்டும்" என்றான்.

"அண்ணந்தான் உக்காரும். நான் பாத்துக்கிறேன்."

சொன்னது நான். யோசிக்கவே இல்லை. இரண்டு வாரம்கூட இல்லை. என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நன்றியா பயமா தெரியவில்லை.

மே 15, திங்கள்.

சந்தையில் பூசணிக்காய். மீனாவின் கனம் இருக்கும். அண்ணன் மடியில் வைத்து, வலது கையை எடுத்துச் சுற்றிப் போட்டேன்.

"என்னடி இது?"

"ஒன் மருமக."

கொஞ்ச நேரம் காயையே பார்த்தான். "மொட்டை போட்டா அப்படியே அவதான்."

சிரித்துவிட்டான். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு. கூம்பு வேண்டாமாம், பூசணிக்காய் சரியாம். என் புரபசர் அம்மாளுக்கு இதை எப்படி இங்கிலீஷில் எழுதுவது?

மே 17, புதன்.

நான்கைந்து தடவை நழுவியது. ஒரு தடவை என் கால்விரலில். வீங்கியிருக்கிறது. அம்மா: "நொண்டிக்கிட்டு நடக்கிறா பாரு, வைத்தியம் பாக்க வந்தவ."

அண்ணன் விடவில்லை. "இன்னொருக்கா வையி."

மே 20, சனி.

பாடம் படிக்க உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன். மனசு கூடத்தில் இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் அண்ணன் தானாகவே காயை மடியில் ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் காயைப் பிடித்து உலுக்கினேன், குழந்தை துள்ளுவது போல. அசையவில்லை! இறுக்கிப் பிடி, இன்னும் இறுக்கு, என்று கத்திக்கொண்டே இருந்தேன். நாள் முழுக்க இதே பேச்சு. தொண்டை கட்டிவிட்டது.

முடிந்ததும் காயை நானே எடுத்து வைத்தேன். எப்போதும் போல.

மே 25, வியாழன்.

மாலையில் கொஞ்சம் தூறல், மண் வாசனை, அப்புறம் அதே புழுக்கம். சீர்த் தட்டு அடுக்கியாயிற்று: தோடு, பட்டுப் பாவாடை, பழம், சர்க்கரை. பாவாடைத் துணி அண்ணன் கடையிலிருந்து வந்தது. ஆளனுப்பி நாலைந்து துணி வரவழைத்து அவனே பொறுக்கியது.

அக்கா மாமியார் மறுபடி: "முத்துவையும் பக்கத்துலயே நிக்கச் சொல்லுங்க." அண்ணன் பூசணிக்காயை இன்னொரு தடவை மடியில் ஏற்றிக்கொண்டான்.

நழுவிவிட்டால்? எனக்கு அந்த ஒரு பயம்தான். அண்ணன் அப்புறம் வீட்டை விட்டு வெளியே வரமாட்டான். அது எனக்கு நிச்சயம்.

மே 26, வெள்ளி.

எழுதக் கை ஓடவில்லை. ஆனாலும்.

மொட்டை முடிந்தது. சந்தனம் பூசி, பாவாடை கட்டி, அண்ணன் மடியில் உட்கார வைத்தார்கள். நான் பெண்களோடு பின்னால். பக்கத்தில் போக விடவில்லை, ஆசாரிக்கு இடைஞ்சலாம். ஊசி எடுத்தார். ஒரு காது. வீல் என்று ஒரு அலறல், குழந்தை வில்லாக வளைந்தாள். அண்ணன் கை நகரவில்லை. இரண்டாவது காது. நகரவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர். "அட, நல்லாத்தான் பிடிச்சான்யா" என்றார் யாரோ.

அக்கா கையை நீட்டினாள். குழந்தை வரவில்லை.

அண்ணன் விரல்கள் பட்டுப் பாவாடையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. அவனால் திறக்க முடியவில்லை. பூசணிக்காய்க்குப் பாவாடை கிடையாது. விடுவதை நான் பழக்கவே இல்லை. ஒரு தடவைகூட இல்லை!

ஆளாளுக்கு விரலைப் பிடித்து இழுத்தார்கள். இழுக்க இழுக்க இறுகியது. குழந்தை கதறுகிறாள், அண்ணன் முகம் வேர்த்து வெளுத்துவிட்டது. அக்கா மாமியார்: "நான் அப்பவே சொன்னேன்ல! முத்து, அந்தக் கத்திரிய எடு, பாவாடைய வெட்டு."

அப்போது அண்ணன் குரல், நல்ல உரக்க: "யாரும் தொடாதீங்க. கமலாவக் கூப்புடுங்க."

கூட்டம் விலகியது. முன்னால் போய் மண்டியிட்டேன். "அண்ணே, இழுக்காதே. என்னப் பாரு." மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்கி, கட்டைவிரலின் அடியைப் பிடித்து வெளியே விலக்கி, காத்திருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. பாவாடை வெளியே வந்தது, கசங்கி, கிழியாமல்.

அண்ணன் துணியைத்தான் முதலில் பார்த்தான். "நல்ல சரக்கு" என்றான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவர் அப்பாவிடம்: "மக டாக்டருங்களா?" அப்பா கொஞ்சம் யோசித்தார். "இல்லைங்க. அது வேற படிப்பு." பெயர் வாயில் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மே 27, சனி.

வெயில். கால்விரல் வீக்கம் வடிந்திருக்கிறது. பாடப் பெட்டியைத் திறந்தேன்.

கூடத்தில் டணார் என்று ஒரு சத்தம். பித்தளை டம்ளர். உருண்டு நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி டணார்.

அம்மா அடுப்படியிலிருந்து: "என்னடி அது? எல்லாத்தையும் கீழ போட்டுக்கிட்டே இருக்கான்!"

"போடட்டும்மா."

டணார்.