ரிவஸ்டன் ஏற்றத்தில் உன் பக்கத்து இருக்கை

நேற்று உடுத்தியிருந்த புடவையை இன்னும் துவைக்கப் போடவில்லை. காலையில் மடிக்கலாம் என்று எடுத்தபோது தலைப்பில் டீசலும் பழைய ரெக்சினும் சூடேறிய இரும்பும் கலந்த அந்த மணம் அடித்தது. மகள் மூக்கைச் சுளித்து, "என்னம்மா, கராஜுக்கா போனீங்க?" என்றாள். பழைய பஸ் பார்க்கப் போனேன் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நீயாக இருந்தால் எந்தெந்த பஸ் வந்தது என்றுதான் முதலில் கேட்டிருப்பாய்.

ஒன்பது வந்தன. குருநாகலில் இருந்து வரவேண்டிய அந்த நீள மூக்கு பஸ் வழியில் எங்கோ நின்றுவிட்டதாம். அலுவிகாரைக்குப் பக்கத்தில் அதே மைதானம், அதே ஆட்கள். நீ போய் எட்டு மாதமாகிறது. நீ இல்லாமல் நான் அங்கே போனது இதுதான் முதல் தடவை. இரண்டு பேர் என்னிடம் வந்து உன்னை விசாரித்தார்கள். சொன்னதும் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். உன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. 'கியர் சொல்லும் மிஸ்' என்றுதான் சிங்களத்தில் உன்னைச் சொன்னார்.

பல்லேகமவில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் நாம் இருவரும் எழுதுவினைஞர்கள். ஒரே வயது, ஒரே மாதத்தில் நியமனம். மாத்தளையில் இருந்து தினமும் போய்வர முடியாத தூரம் என்பதால் வார நாட்களில் ஒரு சிங்கள நோனாவின் வீட்டில் ஒரே அறையில் வாடகைக்குத் தங்கினோம். திங்கள் விடியற்காலை பஸ்ஸில் போவோம், வெள்ளி பின்னேரம் திரும்புவோம். ரத்தோட்டை தாண்டி, ரிவஸ்டன் மலை ஏறி, இலுக்கும்புரப் பக்கம் இறங்கும் அந்தப் பாதையில் ஐந்து வருடம்.

எனக்கு வளைவுகளில் தலை சுற்றும். கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை மோந்தபடி இருப்பேன். நீ முன் இருக்கையில் எஞ்சின் மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ட்ரைவரின் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பாய். ஏற்றம் செங்குத்தாகும் இடத்தில், "இப்ப ரெண்டுக்கு எறக்கணும்" என்று வாய்க்குள் சொல்வாய். அடுத்த நொடி கியர் விழும். ஒரு நாள் அது ட்ரைவரின் காதில் விழுந்துவிட்டது. இனி இந்த மிஸ் சொன்ன பிறகுதான் கியர் மாற்றுவேன் என்று அவர் கொண்டக்டரிடம் சொல்லிச் சிரித்தார். அதன்பிறகு அந்த வளைவு வந்தால் உன்னை ஒரு தடவை திரும்பிப் பார்க்காமல் அவர் ஏற்றியதில்லை.

ஒருமுறை உன்னிடம் கேட்டேன், "ஒனக்கு எதுக்கு இந்தப் பைத்தியம்?" மேலே பனி மூடியிருந்தது. குளிருக்கு இருவரும் எஞ்சின் மூடியில் கையை வைத்திருந்தோம். "எவ்வளவு பாடுபட்டு ஏறுது பாரு புள்ள. கேக்கக்குள்ள நானும் சேந்து ஏறுற மாதிரி ஈக்கி" என்றாய். இருக்கிறது என்பது உன் வாயில் எப்போதும் 'ஈக்கி'தான்.

ஆறாவது வருடம் மாத்தளை நகரத்துக் கந்தோரில் ஒரே ஒரு இடம் காலியானது. உன் உம்மா அப்போது படுக்கையில். பார்த்துக்கொள்ள உன் தங்கை மட்டும்தான் வீட்டில். அந்த இடத்துக்கு நீ விண்ணப்பிப்பது, நான் விண்ணப்பிப்பதில்லை என்று அறையில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். என் கையெழுத்து அழகு என்று உன் விண்ணப்பத்தை என்னையே எழுதச் சொன்னாய். எழுதித் தந்தேன்.

இரண்டு வாரத்தில் எனக்குக் கலியாணம் பேசி வந்தார்கள். பெண்ணுக்கு நகரத்தில் வேலை இருந்தால் பார்க்கலாம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். பெரியப்பாவுக்கு மேலே ஒருவரைத் தெரியும். அவர் கொண்டுவந்த இடமாற்ற விண்ணப்பத் தாளில் நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. உன்னிடம் சொல்லவில்லை. கடைசி வெள்ளிக்கிழமை அத்தனை வளைவுகளிலும் உன் தோளில் சாய்ந்து வந்தேன், அப்போதும் சொல்லவில்லை. மாத்தளையில் இறங்கி, "திங்கக்கிழம பாப்பம்" என்றாய். நான் தலையை ஆட்டினேன்.

நீ அங்கேயே இருந்தாய். இரண்டு வருடம் கழித்து ஒரு புதன்கிழமை உன் உம்மா மௌத்தானார். உனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது கடைசி பஸ் போய்விட்டிருந்தது. மறுநாள் நீ வந்து இறங்குவதற்குள் ஜனாசாவைக் கொண்டுபோய் அடக்கிவிட்டார்கள். நான் உன் வீட்டுக்கு வந்தேன். "தாத்தா, ஒங்கட கூட்டாளி வந்தீக்காங்க" என்று உன் தங்கை உள்ளே குரல் கொடுத்தாள். அக்காவைத் தாத்தா என்பது உங்கள் வீட்டு வழக்கம். நீ வெளியே வந்து என்னை உட்காரச் சொன்னாய், தேத்தண்ணீர் தந்தாய். என் முகத்தைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. குடித்து முடித்ததும் எழுந்து ஓடிவந்துவிட்டேன்.

அதன்பிறகு ஏறத்தாழ முப்பது வருடம் நாம் அப்படியே இருந்தோம். சந்தையில், கலியாண வீடுகளில், ஆஸ்பத்திரி வரிசையில் எதிர்ப்படுவோம். சிரிப்போம். பிள்ளைகளைப் பற்றி நீ கேட்பாய், உன் கால்வலியைப் பற்றி நான் கேட்பேன். இரண்டு நிமிடத்தில் ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் நீ எனக்குப் போன் எடுத்தாய். சுகம்கூட விசாரிக்கவில்லை. "பழைய பஸ் எல்லாம் ஒண்டா வருதாம் புள்ள. அலுவிகாரைக்கிட்ட. எங்கட வீட்டுல ஒத்தருக்கும் இதுல விருப்பமில்ல. நீ வாரியா?" என்றாய். வருகிறேன் என்றேன்.

அந்த மைதானத்தில் நான் பார்த்த சந்தோஷத்தை எந்தத் திருவிழாவிலும் பார்த்ததில்லை. பதினொரு பஸ்கள் துடைத்து மினுக்கி வரிசையாக நின்றன. ஒருவர் தன் போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைப் பதிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ பேசியதற்கு விரலை உதட்டில் வைத்தார். கண்டியில் இருந்து வந்த வயதான டொக்டர் ஒருவர் காக்கிச் சட்டை போட்டு, தோள்பையை மாட்டிக்கொண்டு, ஏறுகிற எல்லோருக்கும் டிக்கட் கிழித்துக் கொடுத்தார். ஒரு பஸ்ஸின் சிவப்பு சரியான சிவப்புத்தானா என்று இரண்டு பேருக்குள் வாக்குவாதம். அதில் ஒருவர் சட்டைப்பையில் இருந்து பழைய தகரத் துண்டு ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முக்காடு போட்ட பெண்ணும் பொட்டு வைத்த பெண்ணும் சேர்ந்து வந்ததை முதலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பஸ்ஸுக்கு முன்னால் நின்று, "இதுட டீசல் பம்புல காத்து ஈக்கி, சத்தம் விட்டு விட்டு வருது" என்று நீ சிங்களத்தில் சொன்னாய். சொந்தக்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். நீ சொன்னது சரியாக இருந்தது. அதன்பிறகு உன்னை ஒவ்வொரு பஸ்ஸாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

கடைசி பஸ்ஸுக்கு முன்னால் நீ நின்றுவிட்டாய். முன் ஜன்னலுக்குக் கீழே ஒட்டுப்போட்டிருந்த சதுரத் தகரத்தைத் தடவினாய். "இலுக்கும்புரயில மரக்கொப்பு குத்தினது. ஞாபகம் ஈக்கா?" எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கொப்பு உள்ளே வந்தபோது நீதான் என் தலையை அமுக்கிக் குனிய வைத்தாய். அது நம்முடைய பஸ்.

சொந்தக்காரர் கராஜ் வைத்திருப்பவர், நாற்பது வயது இருக்கும். வில்கமுவவில் ஒரு வயல் ஓரத்தில் விதைநெல் மூட்டை அடுக்கும் கொட்டிலாக இந்த பஸ் நின்றதாம். கொண்டுவந்து நான்கு வருடம் பாடுபட்டு ஓட வைத்திருக்கிறார். நீ அவரிடம், எல்லாம் சரி, இருக்கைகள்தான் பிழை, அந்தக் காலத்தில் பச்சை இல்லை, கடும் கபில நிறம் என்றாய். மனிதர் கோபிக்கவில்லை. கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார்.

எல்லா பஸ்களும் ரத்தோட்டை வரை போய்த் திரும்புவதாக இருந்தது. நமக்கு அந்த முன் இருக்கையையே தந்துவிட்டு அவரே ஓட்டினார். பாதையோரத்தில் கடைக்காரர்கள் வெளியே வந்து கையசைத்தார்கள். நீ சிரித்துக்கொண்டே இருந்தாய். எஞ்சின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில், "அந்தத் திங்கக்கிழம..." என்று தொடங்கினேன்.

நீ பாதையைப் பார்த்தபடியே சொன்னாய். "எடம் புடிச்சி வெச்சீந்தன் புள்ள. பேக்க வெச்சி. ஒத்தரையும் இருக்க விடல்ல. பிந்திட்டாய், வேற பஸ்ல வந்து ரத்தோட்டயில ஏறுவாய்னு நெனச்சன். அங்கயும் காணல்ல. பொறகு பேக்க மடியில எடுத்து வெச்சிக்கிட்டன்."

"நான் செஞ்சது பெரிய துரோகம்" என்றேன். "ஒங்க உம்மா மொகத்த நீ பாக்க முடியாமப் போனது என்னாலதான். கேக்க எனக்கு வாய் வரல. மன்னிச்சிடு."

இரண்டு வளைவுகள் கடந்தன. உன் கண் நிறைந்திருந்தது. கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டாய்.

"கோவம் ஈந்திச்சி. இப்பவும் கொஞ்சம் ஈக்கி. அதுக்காக ஒன்னோட வராம ஈக்க ஏலுமா? பஸ்ஸப் பத்திப் பேச எனக்கு வேற யாரு ஈக்கி?" என்றாய். பிறகு முன்னால் குனிந்து, "மூணுல ஏறாது, ரெண்டுக்குப் போடுங்க" என்று சிங்களத்தில் சொன்னாய். அந்த மனிதர் திகைத்துப் போய்ப் போட்டார்.

மைதானத்துக்குத் திரும்பியதும் அவர் இறங்கவில்லை. உன்னைப் பார்த்து, வாருங்கள், நீங்களே ஒரு சுற்று ஓட்டுங்கள் என்றார். நீ சைக்கிள்கூட ஓட்டியதில்லை. வேண்டாம் என்று சொல்வாய் என்று நினைத்தேன். நீயோ செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாய். அவர் பக்கத்தில் நின்று கைப்பிரேக்கைப் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் கயிறு கட்டி இடம் ஒதுக்கினார்கள். நான் உள்ளேதான் இருந்தேன், அந்த பஸ்ஸில் ஒரே பிரயாணி.

முதல் கியரில் ஆமை போல் நகர்ந்தது. அந்தக் காலத்து பஸ்ஸில் கிளட்சை இரண்டு தரம் மிதித்துத்தான் கியர் மாற்ற வேண்டும். நேரம் தப்பினால் பல் அரைபடும். நீ தலையைச் சாய்த்து எஞ்சினைக் கேட்டாய். மிதித்தாய், விட்டாய், மறுபடி மிதித்தாய். இரண்டாவது கியர் ஒரு சத்தமும் இல்லாமல் விழுந்தது. வெளியே கைதட்டல் எழுந்தது. டொக்டர் தன் டிக்கட் பையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அறுபது கடந்த அந்த முகத்தில், முதல் சம்பளம் வாங்கிய நாளில் நான் பார்த்த பெண் இருந்தாள்.

அதன்பிறகு தம்புள்ளைக்கும் போனோம், குருநாகலுக்கும் போனோம். நிறையப் பேசினோம். நோய் என்னவென்று தெரிந்த மூன்றாம் மாதம் நீ போய்விட்டாய். இந்த முறை நான் பிந்தவில்லை. உன் முகத்தைப் பார்த்தேன்.

நேற்று நம் பஸ்ஸின் சொந்தக்காரர், அந்தக் கராஜ்காரர், என்னை அதே இடத்தில் உட்கார வைத்தார். இருக்கைகள் இப்போது கடும் கபில நிறம். ரத்தோட்டை வரை போய்த் திரும்பினேன். தலை சுற்றவில்லை. வீட்டுக்குப் போகாமல் நேரே உன் தங்கையிடம் போனேன். நடந்ததை ஆதியில் இருந்து சொன்னேன், பெரியப்பா கொண்டுவந்த தாளையும் விடாமல்.

அவள் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "தாத்தா ஒரு நாளும் சொல்லல்லயே. மாத்தம் கெடைக்கல்லன்னு மட்டுந்தான் சொன்னாங்க" என்றாள். பிறகு, "உம்மா கடேசி வரைக்கும் வாசலயே பாத்துட்டு ஈந்தாங்க. தாத்தாவத்தான் தேடினாங்க" என்றாள். அது எனக்குத் தெரியாது. நீ எனக்குச் சொல்லாத ஒன்று அது.

பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. அவள் எழுந்தாள். போய்விடுவதுதான் முறை என்று நானும் எழுந்தேன். அவள் கதவருகே நின்று, "போயிடாதீங்க. தொழுதிட்டு வாரன். எனக்குக் கேக்க ஈக்கி" என்றாள்.

காத்திருந்தேன். அவள் வந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுலபமான கேள்விகள் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். ஓரிடத்தில் அவள் குரல் உயர்ந்தது, அழுதாள். நானும் அழுதேன். ஆனால் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. கோபம் இருக்கும்போதே ஒருவரோடு சேர்ந்து போகலாம் என்று எனக்குக் காட்டியவள் நீ. என்னிடம் இப்போது மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

உன் தங்கைக்கு என்மேல் கோபம் தீரவில்லை. வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறாள். போகிறேன்.