எதிர்வீட்டு ரத்மியின் துஆச் சீட்டு

என்னங்க,

நீங்கள் ஷிஃப்ட் முடிந்து வரும்வரை, அம்மாவும் நானும் ஹஜ்ஜுக்குப் புறப்படும் சுரபாயா பஸ் நிற்காதாம். சோயா தெம்பே வறுத்து மூடி வைத்திருக்கிறேன்.

மக்காவில் கேட்கச் சொல்லி ஊரார் தங்கள் வேண்டுதலை எழுதி உங்கள் அம்மாவிடம் கொடுத்த துஆச் சீட்டுகளை நேற்று மதியம் பெரிய எழுத்தில் நகலெடுத்தேன். "கண்ணு தெரியலம்மா, நீயே எழுதிக் குடு. எல்லாம் அமானிதம், நம்மள நம்பிக் குடுத்தது, ஒண்ணையும் விட்டுடாத" என்றார்.

எழுதுவது நான் என்று எதிர்வீட்டு ரத்மிக்குத் தெரியாது. அவள் சீட்டில் இருந்தது: 'ஹந்தோகோ பின் சர்மானுக்கும் எனக்கும் சீக்கிரம் நிக்காஹ் நடக்கணும்.' உங்கள் பெயர், உங்கள் அப்பா பெயரோடு.

நகலில் அந்தப் பெயரை மட்டும் இன்னும் எழுதவில்லை. விமானம் ஏறுவதற்குள் ஃபோன் செய்து, பொய் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

சாவி பூந்தொட்டிக்கு அடியில்.

கஅபா முன்னால் அம்மா ஒவ்வொன்றாக வாசிக்கும்போது, பக்கத்தில் நின்று ஆமீன் சொல்ல வேண்டியவள் நான்.