போதும் என்றால்

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் இறைவன் துணை

என் அன்புள்ள உங்களுக்கு,

நேற்றுத் தலைமையாசிரியை அறையில் இருந்தவர்கள்: தலைமையாசிரியை, தனியறையில் நம் தும்பிக்குச் சொல்லித்தரும் சிறப்பாசிரியை, பொது வகுப்பு ஆசிரியர், உங்கள் அக்கா, நான், எட்டு வயதாகியும் என் மடியைவிட்டு இறங்காத உங்கள் மகள். உங்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் தும்பியின் பையை வைத்தேன்.

இறைவன் அருளால் எல்லோரும் நலம். குளியலறைக் குழாய் மட்டும் மறுபடியும் சொட்டுகிறது. உங்களுக்கு இருமல் விட்டதா? வெல்டிங் செய்யும்போது கண்ணாடியைக் கழற்றாதீர்கள். பட்டறையில் யாரும் பார்க்காவிட்டாலும் மேலே ஒருவர் பார்க்கிறார். இந்தத் தடவை வீட்டுக் கணக்கு எழுதவில்லை. ஆச்சரியப்பட வேண்டாம், அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது.

புதிதாக வந்திருக்கும் விதியைப் பற்றிப் போனில் சொன்னேன் அல்லவா? நம் தும்பியைப் போன்ற பிள்ளைகளைத் தனியறையிலேயே வைத்திருக்கக் கூடாது, மற்றப் பிள்ளைகளோடு பொது வகுப்பில் உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு துணையாசிரியையும் தர வேண்டும் என்கிறது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன். அதில் எனக்குப் பிடித்த வரி, பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டு எழுத வேண்டும் என்பது. நம் மகளின் விருப்பத்தை இதுவரை யார் கேட்டார்கள்?

அந்த வரியே எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஒரு வாரம் அவளைப் பொது வகுப்பில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். தினமும் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள். வகுப்புப் பிடிக்கவில்லை, பிள்ளைகள் ஏதோ சொல்கிறார்கள் என்று நானே நினைத்து, இது வேண்டாம் என்றால் நீயே தடுத்துவிடு என்று இறைவனிடம் வேண்டிக்கொண்டேன். நேற்றுத் தலைமையாசிரியையும் அதையேதான் சொன்னார். “பிள்ளைக்கு விருப்பம் இல்லம்மா. அவளே வாய்திறந்து சொல்லிட்டா. மீறி உக்காரவெச்சா விதியை மீறினது போல ஆயிடும்” என்று.

அப்போது பொது வகுப்பு ஆசிரியர் தலையைச் சொறிந்துகொண்டு, “எனக்குத்தான் புரியலை. பாட்டு நேரத்துல கை தட்டிச் சிரிச்சிட்டே இருப்பா. திடீர்னு ‘போதும்’பா. உடனே தனியறைக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம்” என்றார்.

உங்கள் அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “ஐயையோ, இது என் தம்பி பண்ணின வேலை!” என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பே அமைதியாகிவிட்டது.

நினைவிருக்கிறதா? டம்ளரில் பால் ஊற்றிக்கொண்டே “போதுமா?” என்று கேட்பீர்கள். அவள் “போதும்” என்பாள். “போதாதே!” என்று இன்னும் கொஞ்சம் ஊற்றுவீர்கள். அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். விரல்விட்டு எண்ணக்கூடிய வார்த்தைகள்தான் அவளிடம் இருக்கின்றன. அதில் ஒன்றை நீங்கள் தலைகீழாக மாட்டிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டீர்கள். நானும் அப்படியேதான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் போதும் என்றால் இன்னும் வேண்டும் என்று அர்த்தம். பழகிப்போனதால் அது தப்பு என்றே எனக்கு உறைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ‘விருப்பமில்லை’ என்று மட்டும்தான் சொன்னார்களே தவிர, என்ன வார்த்தை சொன்னாள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தலைமையாசிரியை நம்பவில்லை. தாய்க்கு ஆசை இருக்கத்தானே செய்யும் என்பதுபோல் பார்த்தார். சிறப்பாசிரியைதான் தண்ணீர் ஜாடியை எடுத்துத் தும்பியின் டம்ளரில் ஊற்ற ஆரம்பித்தார். “போதும்” என்றாள். டம்ளர் நகரவில்லை. ஊற்றினார். “போதும், போதும்” என்று சிரிக்கிறாள். தண்ணீர் வழிந்து மேசைமேல் இருந்த காகிதங்களுக்கெல்லாம் போய்விட்டது. அப்போதுதான் உள்ளங்கையால் டம்ளர் வாயைப் பொத்தினாள். “அதுதான் டீச்சர், எங்க வீட்டு ‘வேண்டாம்’” என்றேன். தலைமையாசிரியையும் சிரித்துவிட்டார், காகிதத்தை உதறிக்கொண்டே.

அப்படியென்றால் அந்த வாரம் முழுவதும் குழந்தை இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கேட்கக் கேட்க எழுப்பிக் கூட்டிப்போயிருக்கிறார்கள். யார்மீதும் குற்றமில்லை, அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் செய்தார்கள். ஆனாலும் வரும் வழியெல்லாம் அவள் கையை நான் விடவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. அவள் மறுத்ததாக ஏற்கெனவே எழுதியாகிவிட்டது. அதை மாற்ற, வீட்டில் அவள் எதை எப்படிச் சொல்வாள் என்று தாயும் தகப்பனும் தனித்தனியாக எழுதித் தர வேண்டுமாம். வகுப்புப் பிரிப்பதற்குள் தராவிட்டால் அடுத்த வருடமும் தனியறைதான். என் பங்கை நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்த விளையாட்டை ஆரம்பித்தவர் நீங்கள், நீங்கள் சொன்னால்தான் நம்புவார்கள்.

உங்களுக்குப் பயம் என்று தெரியும். மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள், அவள் வாடிப்போவாள் என்று. எனக்கும் அந்தப் பயம் போய்விடவில்லை. கேலி செய்யவும் செய்வார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்த பெண், “தும்பி எப்ப சார் வருவா?” என்று தினமும் கேட்கிறாளாம். தனியறையில் அவளை அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள்?

போன கடிதத்தில், ‘அவளுக்கு அந்தத் தனியறையே போதும்’ என்று எழுதியிருந்தீர்கள். எந்தப் ‘போதும்’ என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஊரார் சொல்கிற போதுமா, நம் மகள் சொல்கிற போதுமா?

இன்று காலை பால் ஊற்றும்போது அவள் டம்ளரை என்னிடம் நீட்டவில்லை. வாசல் பக்கம் நீட்டினாள். நான்தான் போய் ஊற்றினேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள். இறைவன் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும். எப்போதாவது வரும் உங்கள் கடிதம் எங்கள் இரண்டு பேருக்கும் போதும். தும்பி சொல்கிற அர்த்தத்தில்தான் எழுதுகிறேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

உங்கள் வாயால் பட்டப்பெயர் வாங்கிய,
கணக்குப்பிள்ளை